கழுவி எடுத்த பள்ளிக்கூடம்

அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று நான் முதலில் செய்த காரியம் வாந்தி எடுத்ததுதான். காலையில் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் குடித்த காபி, எல்லாம் படிக்குப் பக்கத்தில் இருந்த ஆமணக்குச் செடியின் மேல் போய் விழுந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கதவில்லாத வாசலுக்கு மேலே, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில், 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற எழுத்துகள் இன்னும் அழியாமல் இருந்தன.

எழுபதுகளின் கடைசி அது. ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு ஊர்நல அலுவலர் வேலை. கிராமங்களில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது, 'சேவிகாம்மா' என்பார்கள். பால்வாடி தொடங்குவது, மாதர் சங்கம் கூட்டுவது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, இவைதான் வேலை. தொட்டியம் போகிற சாலையில், காவிரியை ஒட்டிய வாழைத் தோட்டங்களுக்கு நடுவே சில ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. தொட்டியம் பஸ் திருவானைக்காவலில் நிற்கும். ஆனால் அங்கே ஏறினால் நின்றுகொண்டேதான் போக வேண்டும். அதனால் தினமும் காலையில் எதிர்த்திசையில் சத்திரம் பேருந்து நிலையம் வரை போய், காலி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து, வந்த வழியாகவே திரும்பிப் போவேன்.

அந்த ஊரில் பால்வாடிக்கு இடம் பார்க்கச் சொல்லி உத்தரவு. பஞ்சாயத்துத் தலைவர் பெரிய வாழை விவசாயி. வெளுத்த வேட்டி, அதைவிட வெளுத்த பேச்சு. எனக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது.

"ஸ்ரீரங்கத்துப் பொண்ணு எங்க வீட்டுப் படி ஏறினதே எங்க பாக்கியங்க" என்றார். "ஆனா பால்வாடிக்கு இடத்துக்கு நான் எங்கங்க போவேன்? ஊரே வாழை. ஒரு குண்டுமணி நிலம் சும்மா கெடக்கல பாருங்க."

அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே, தோட்டத்துக்கு அப்பால் அந்த ஓட்டுக் கட்டடம் தெரிந்தது. "அது என்ன கட்டடம்?" என்று கேட்டேன்.

"அதுங்களா? பாழடைஞ்சதுங்க. பாம்பு பல்லி இருக்கும். அங்கெல்லாம் நீங்க போகாதீங்க."

போகாதே என்றால் போகிற வயது. போனேன். வாந்தி எடுத்தேன்.

உள்ளே தரையே தெரியவில்லை. காய்ந்தது, காயாதது, அன்று காலையிலேயே இருந்துவிட்டுப் போனது. நாலு மூலையிலும், நடுவிலும், ஆசிரியர் உட்காரும் மேடையின் மேலும் மனித மலம். நடுவே உடைந்த சாராய பாட்டில்கள். மேலே வௌவால்கள். கரும்பலகையில் கரித்துண்டால் ஒரு பெண்ணின் உடம்பை எவனோ வரைந்திருந்தான். மலம் கழிக்க வெளியில் ஏக்கர் கணக்கில் தோட்டமும் ஆற்றங்கரையும் இருக்கும்போது, இவ்வளவு தூரம் நடந்து வந்து, படி ஏறி, ஒரு வகுப்பறைக்குள் ஏன் போக வேண்டும்? எனக்குப் புரியவில்லை.

புரியவைத்தவர் கட்டடத்துக்குப் பின்னால் எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். காலனியைச் சேர்ந்தவர். ஊருக்கும் காலனிக்கும் சரியாக நடுவில்தான் அந்தக் கட்டடம் இருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நான் வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறார். செம்பில் வைத்திருந்த தண்ணீரை நீட்டப்போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"குடுங்க அக்கா" என்றேன். வாய் கசந்து கிடந்தது. வாங்கிக் குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சொன்னார். அவருடைய மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அங்கே ஊர்ப் பிள்ளைகள் பெஞ்சில், காலனிப் பிள்ளைகள் தரையில். தண்ணீர்ப் பானையைக் காலனிப் பிள்ளைகள் தொடக்கூடாது. யாராவது உயரத்திலிருந்து கையில் ஊற்றினால் குடிக்கலாம். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வந்த முதல் வாரமே எல்லாரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். எல்லாரும் ஒரே பானையில் மொண்டு குடிக்கச் சொன்னார்.

"அவ்வளவுதாங்கம்மா. மறுநாளிலேருந்து ஊருப் புள்ளைங்க ஒண்ணுகூட வரல. பிள்ளையார் கோயில்கிட்ட அவங்களுக்குன்னு புதுசா பள்ளிக்கூடம் வந்துருச்சு. வாத்தியாரை எங்கயோ மாத்திட்டாங்க. இங்க புள்ளைங்க பத்தலைன்னு இழுத்து மூடிட்டாங்க. மூடினப்புறம் நாங்க இதுல வந்து உக்காந்துருவோமோன்னு அவங்களுக்குப் பயம். அதான் தெனம் வந்து இருந்துட்டுப் போறாங்க. பெரியவங்க, படிச்சவங்க, எல்லாருந்தான்."

சாதாரணமாகச் சொன்னார். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பது மாதிரி. எனக்கு மறுபடியும் வயிற்றைப் புரட்டியது. இந்தத் தடவை நாற்றத்தினால் அல்ல. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, காலையில் செம்போடு கிளம்பி, ஒரு கட்டடத்தை அசிங்கப்படுத்துவதைக் கடமையாகச் செய்துவிட்டு வீடு திரும்பி, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் ஆட்களை நினைத்து.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீடு கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒன்றில் இருந்தது. அப்பா இல்லை. நானும் அம்மாவும் மட்டும். கேட்டுக்கொண்டே வந்த அம்மா, நான் செம்புத் தண்ணீர் குடித்த இடத்தில் நிறுத்தினாள்.

"யார் ஜலம் குடுத்தா?"

"காலனியில ஒருத்தர்."

"நீ வாங்கிக் குடிச்சியா?"

"வாந்தி எடுத்திருந்தேன்மா. வாய் கொப்பளிக்க வேண்டாமா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அசிங்கத்தை மிதிச்சேன்னு சொல்லு, தலைக்குக் குளிச்சா போயிடும். இது உள்ள போயிடுத்தேடி. இதை எப்படி அலம்பறது?"

நான் கொல்லைப்புறம் போய்க் குளித்தேன். குளித்துவிட்டு வந்த பிறகும் அம்மா என்னைத் தளிகை உள்ளுக்குள், சமையல்கட்டுக்குள், விடவில்லை. கூடத்தில் தனியாகத் தட்டு வைத்துச் சாதம் போட்டாள். சாற்றமுது வாசனையாக இருந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. என் அம்மா நல்லவள். தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ஓடுவாள். அந்த நல்ல அம்மாவும் வாழைத்தோட்டத்துத் தலைவரும் ஒரே விஷயத்துக்கு முகம் சுளிக்கிறார்கள் என்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் மாட்டுக்கு வைத்தேன்.

அந்தக் கட்டடத்திலேயே பால்வாடி வரும் என்று ஒன்றிய ஆணையரிடம் சொன்னேன். அவருக்கு எங்கே வந்தாலும் ஒன்றுதான். "கட்டடம் நம்ம ஒன்றியத்துது. சுத்தம் பண்ணிக்கிட்டா யார் என்ன சொல்லப்போறாங்க?" என்றார். ஓடு மாற்றவும் கதவு போடவும் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். சுத்தம் செய்வதற்கு மட்டும் அவரிடம் யாரும் இல்லை. "அதான் காலனி பக்கத்துலயே இருக்கே" என்றார். அவர் கெட்டவரும் இல்லை, யோசித்துச் சொன்னதும் இல்லை. அப்படியொரு வேலை என்றால் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் நாக்கே முடிவு செய்து வைத்திருந்தது.

காலனிக்குப் போனேன். வேப்பமரத்தடியில் பெண்கள் கூடினார்கள். பால்வாடி வருகிறது, பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம், தையல் சொல்லித்தரலாம், சங்கம் வைக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். முகங்கள் மலர்ந்தன. கட்டடத்தை முதலில் சுத்தம் செய்ய வேண்டும் என்றதும் எல்லாரும் எருமைக்கார அக்காவைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். "பால்வாடி வேணுங்கம்மா. கட்டாயம் வேணும். ஆனா அதை நாங்க அள்ள மாட்டோம்."

"உங்க பிள்ளைகளுக்குத்தானே?"

"எங்க புள்ளைங்களுக்குத்தான். ஆனா அவங்க பேளறதும் நாங்க அள்றதும்னே எத்தனை காலத்துக்கு? நாங்க அள்ளிட்டா, அள்ளத்தானே இருக்கோம்னு நாளைக்கும் வருவாங்க. பேண்டவங்க அள்ளட்டும். இல்ல, நீங்க யாரைவிட்டாவது அள்ளுங்க. சுத்தமானதுக்கப்புறம் பாருங்க, நாங்க எப்படி வெச்சுக்கிறோம்னு."

தலைவரிடம் போய், ஊர்க்காரர்களே ஆள் அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவருடைய சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. "எங்க ஆளுங்களையா? என்னங்க பேசுறீங்க? நீங்க யார் வீட்டுப் பொண்ணு, இதையெல்லாம் வாயால சொல்லலாமா?" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு வெள்ளி டம்ளர் வரவில்லை.

கட்டடம் அப்படியே கிடந்தது. வாரங்கள் போயின. கடைசியில் ஒன்றியத்தின் சுகாதார ஆய்வாளர்தான் வந்தார். திருச்சியில் கிறிஸ்தவக் குடும்பம். ஐம்பதை நெருங்கும் வயது. எப்போதும் பாக்கெட்டில் ஜெபமாலை இருக்கும். அலுவலகத்தில் நான் புலம்புவதைக் கேட்டுக்கேட்டு ஒருநாள் அவராகவே, "வாங்க மேடம், நாமளே அள்ளிருவோம். என்ன குறைஞ்சு போயிரும்?" என்றார்.

மண்வெட்டி, கூடை, சாம்பல், பிளீச்சிங் பவுடர் எல்லாம் அவரே கொண்டுவந்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார். மூக்கைச் சுற்றிக் கர்ப்பூரம் வைத்த துணி கட்டிக்கொண்டோம். அவர் வெட்டி அள்ளுவார்; நான் சாம்பல் தூவி, கூடையைச் சுமந்து போய், பின்னால் தோண்டிய குழியில் கொட்டுவேன். அந்த வேலையை வர்ணிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கூடையில் அது மலம். பத்தாவது கூடையில் அது மண்தான். கைக்கு அடியில் இருக்கிற அசிங்கம் அவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது. தோட்டத்து வரப்பில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வேட்டிகள்தான் எனக்குப் பழகவே இல்லை. அதில் ஒருவர் பிள்ளையார் கோயில் பள்ளிக்கூடத்து ஆசிரியர்.

"உங்களுக்கு ஆத்திரமா வரல?" என்று ஆய்வாளரைக் கேட்டேன்.

"யார்மேல மேடம் ஆத்திரப்படறது? எங்க பங்குக் கோயில்லயே ஒரு காலத்துல நடுவுல சுவர் வெச்சிருந்தாங்க. அந்தப் பக்கம் ஒரு சாதி, இந்தப் பக்கம் ஒரு சாதி. சுவத்தை இடிச்சாச்சு. கல்லறையில மட்டும் இன்னும் இடிக்கல. செத்தப்புறமும் தள்ளித்தான் படுக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த கூடையை நிரப்பினார்.

தரை தெரிந்து, தண்ணீர் விட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் காலையில் போனால், காலனிப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். எருமைக்கார அக்கா சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் இருந்த படத்தின் மேல் யாரோ ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா, "நீங்க உக்காருங்கம்மா. இனிமே இது எங்க வேலை" என்றார்.

அதற்கப்புறம் அந்த இடம் வளர்ந்த வேகத்தை நானே எதிர்பார்க்கவில்லை. காலையில் பால்வாடி. அக்காதான் ஆயா. மத்தியானம் தையல், வாழை நாரில் கயிறும் பாயும். சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து. அப்போது கிராமங்களில் கோபர் காஸ், அதாவது சாண எரிவாயு, போடச் சொல்லி அரசாங்கம் தூண்டிக்கொண்டிருந்தது. காலனியில் எருமைகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினம் ஒரு கூடைச் சாணம் வந்தது. கட்டடத்துக்குப் பின்னால் தொட்டி கட்டி, மேலே இரும்பு மூடி மிதக்கவிட்டு, அடுப்பு எரிந்த அன்று பிள்ளைகளைவிடப் பெண்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். விறகு வேண்டாம், புகை இல்லை. கஞ்சி அந்த அடுப்பில்தான் காய்ந்தது. சாயங்கால வகுப்புக்கு அதே காஸில் விளக்கு. தொட்டியிலிருந்து வழிந்த சாணிக் கரைசல் பப்பாளிக்கும் முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் போனது. கீரை பிள்ளைகளின் கஞ்சிக்குப் போனது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள். வெளியிலிருந்து வரவேண்டியது கோதுமை ரவையும் எண்ணெயும் மட்டும்தான். மற்றதெல்லாம் அந்த வேலிக்குள்ளேயே விளைந்தது. கக்கூஸும் கட்டினோம். அந்த ஊரில் அதுதான் முதல் கக்கூஸ். தலைவர் வீட்டில்கூட அப்போது கிடையாது.

ஊருக்குள் முதலில் கேலி பேசினார்கள். "சாணி நெருப்புல சமைச்சுத் திங்குதுங்க" என்றார்கள். பிறகு கேலி நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நான் போய் இறங்கியபோது, பிள்ளைகள் எல்லாம் வெளியே பப்பாளி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. அக்கா வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு டம்ளர்.

"உள்ள வாங்கம்மா. வந்து பாருங்க."

கூடத்தின் மூலையில், ஆற்று மணலின் மேல், பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைக்கிற மண்பானை. மூடியைத் திறந்தார். நான் குனிந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கதவின் கொண்டியைப் பெயர்த்து, உள்ளே வந்து, அந்தப் பானைக்குள்ளேயே எவனோ மலம் கழித்திருந்தான். அது கலங்கி, தண்ணீர் முழுவதும் பரவியிருந்தது. காலையில் ஒரு சிறுமி தாகம் என்று கேட்டிருக்கிறாள். அக்கா டம்ளரை விட்டு மொண்டு வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில்தான் நாற்றம் தெரிந்திருக்கிறது.

அப்போது எனக்கு வாந்தி வரவில்லை. அழுகையும் வரவில்லை. பானைமேல் குந்தி உட்காரக்கூடிய ஒரு ஆளை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். காவிரியில் ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி விடுகிற ஊர்தான் அது. தண்ணீரைக் கும்பிடுகிறவர்கள். அந்த எண்ணம் வந்த பிறகு, மனிதர்கள் என்றாலே எனக்குக் குமட்டியது. நானும் அதில் சேர்த்திதான் என்பது இன்னும் குமட்டியது.

போலீசுக்குச் சொல்லி அனுப்பினோம். ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே இங்கே வந்தார். பானையைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஊருக்காரங்கதான் பண்ணாங்கன்னு யாராச்சும் பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

"அப்ப உங்களுக்குள்ளயே யாராச்சும் போட்டிருப்பீங்க. ஆயா வேலை இந்தம்மாவுக்குக் கிடைச்சது இன்னொருத்திக்குப் பிடிச்சிருக்காது. ஊர்மேல பழி போடலாம்னு பார்க்குறீங்களா?"

பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஏட்டு போன பிறகு அக்கா பானையின் வாயில் வாழையிலையை வைத்து, அதன்மேல் பழைய புடவைத் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"கலெக்டர் ஆபீசுல இன்னிக்கு மனு வாங்குற நாளுதானேம்மா?"

"ஆமா."

"இதைக் கொண்டுபோறோம். நீங்க வரவேணாம். உங்க வேலைக்கு ஆபத்து."

"நானும் அந்தப் பஸ்லதான் வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

பெண்கள் ஒரு கூட்டமாகத் தொட்டியத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். அக்கா பானையை மடியில் வைத்துக்கொண்டு முன் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முசிறி தாண்டுவதற்குள் பஸ் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது.

கண்டக்டர் வந்தார். "என்னம்மா பானையில? கருவாடா?"

"எங்க ஊருப் பெரிய மனுசங்க எங்க புள்ளைங்களுக்குக் குடுத்ததுங்க. கலெக்டருக்குக் காட்டப் போறோம்."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "இறக்கி விடுய்யா இதுங்களை, மனுசன் உக்காரவேணாம்?" என்று சத்தம் போட்டார். அக்கா திரும்பி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மூக்கைப் பொத்திய கைகளை யாரும் எடுக்கவில்லை. எங்களை இறக்கியும் விடவில்லை. அந்த ஆள் மட்டும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

சத்திரத்தில் டவுன் பஸ் கண்டக்டர்கள் ஒருவரும் ஏற்றவில்லை. நடந்தோம். மெயின்கார்டு கேட் வழியாக, துணிக்கடைகளையும் காபித்தூள் அரைக்கிற கடையையும் தாண்டி, புத்தூர்ப் பக்கமாக. வெயில் ஏறஏற நாற்றமும் ஏறியது. பானையை முறை வைத்துத் தலை மாற்றிக்கொண்டார்கள். நானும் சுமக்கிறேன் என்றேன். அக்கா கொடுக்கவில்லை. "நீங்க கூட வர்றதே போதும்மா" என்றார்.

கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கிய அதிகாரி, மேஜை மேல் பானை வைக்கப்பட்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அக்கா கயிற்றை அவிழ்த்து, இலையை எடுத்தார். அதிகாரி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது! எழுதிக் குடுத்தா போதாதா? எதுக்கு இதைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"எழுதிக் குடுத்தா நாறாதுங்களே ஐயா" என்றார் அக்கா. "நீங்க கைக்குட்டை வெச்சுக்கிட்டீங்க. எங்க புள்ளைங்க இதைக் குடிச்சிருக்கும்ங்க."

அந்த அறையில் இருந்த குமாஸ்தாக்களில் ஒருவர் வெளியே ஓடினார். எனக்கு மட்டும் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது.

விசாரணை வந்தது. செய்தது யாரென்று கண்டுபிடிக்கவே இல்லை. அதற்குப் பதில் தாசில்தார் வந்து அமைதிக் கூட்டம் போட்டார். எங்கள் கட்டடத்திலேயே, புதுப் பானை வைத்து, அதிலிருந்து எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். அதோடு விரோதம் தீர்ந்தது என்று ஏற்பாடு. முதலில் தாசில்தார் குடித்தார். அடுத்து தலைவர். அக்காதான் மொண்டு கொடுத்தார். தலைவர் கைகூப்பி டம்ளரை வாங்கி, அண்ணாந்து குடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். பேப்பர்காரர் போட்டோ எடுத்தார்.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது நான் பின்பக்கம் போனேன். கோபர் காஸ் தொட்டிக்கு அருகே, பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டு, தலைவர் தொண்டைக்குள் விரலை விட்டு அந்தத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, எச்சில் வழிய. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் சிரித்தார்.

"வாயுங்கம்மா. காலையிலேருந்தே வயிறு சரியில்ல."

இவ்வளவு வருஷங்களுக்குப் பிறகும், அருவருப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கூடைகளோ, பானையோ நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சிரிப்புதான் வருகிறது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "பாரேன், எவ்வளவு பெரிய மனுஷன்! அவா கையால வாங்கிக் குடிக்கறார். என்ன பெருந்தன்மை!" என்றாள். நான் வாங்கிக் குடித்ததற்குத் தனித்தட்டு போட்ட அதே அம்மா. பேப்பரை வாங்கி மடித்து வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். ஆபீசில் எனக்கு ஒரு மெமோ காத்திருந்தது. அரசு ஊழியர் பொதுமக்களைத் தூண்டிவிட்டு ஊர்வலம் போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் கொடுத்தேன். மணப்பாறைப் பக்கம் மாற்றினார்கள். சுகாதார ஆய்வாளர் பஸ் ஏற்றிவிட வந்தார். அந்த இடத்தை வாரம் ஒருமுறை தான் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஓய்வுபெறும் வரை பார்த்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில், வேறு ஒரு வேலையாக முசிறி வரை போனவள், மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அந்த ஊரில் இறங்கினேன். கட்டடம் இருந்தது. பெரிதாகவும் ஆகியிருந்தது. பக்கவாட்டில் ஓர் அறை கூடுதலாக இறக்கியிருந்தார்கள். அக்கா மாதர் சங்கத் தலைவியாகியிருந்தார். அவர் மகள் அங்கேயே தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தையல் வகுப்பில் ஊர்ப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். எல்லாரும் ஏழை வீட்டவர்கள். அவர்கள் தோட்டத்து வழியாக, யாரும் பார்க்காதபடி பின்வாசலில் வந்து போவதாக அக்கா சொன்னார். சொல்லும்போது அவரிடம் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

நான் போன நேரத்தில் கூடத்தில் ஏதோ பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. ஊரில் ஒரு வீட்டில் காதுகுத்தாம். வேறு எங்கும் இவ்வளவு பெரிய கூடமும் கக்கூஸும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாததால், சங்கத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். விசேஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு ஆட்கள் வந்து, தரையையும் சுவரையும் ஆள் உயரத்துக்கு மஞ்சள் தண்ணீரும் கோமியமும் தெளித்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அக்கா, எதுக்குக் கழுவுறாங்கன்னு தெரியுதா? தெரிஞ்சும் விட்டீங்களா?"

"தெரியாமலா இருக்கும்?" என்று சிரித்தார் அக்கா. "கழுவட்டும்மா, நல்லாக் குனிஞ்சு கழுவட்டும். எங்களுக்கு ஒருநாள் வேலை மிச்சம்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். உண்மையான சிரிப்பு. அவர்களால் முடிந்தது. என்னால் முடியவில்லை. கூடத்தில் ஒரு வயதானவர் மண்டிபோட்டு, சுவரின் அடிப்பகுதியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா முருங்கைக்கீரையை ஒரு கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்தார். "அம்மாவுக்குக் குடுங்க. எங்க தோட்டத்துதுன்னு சொல்ல வேணாம்" என்றார்.

சொல்லித்தான் கொடுப்பேன் என்றேன். பஸ் வந்துவிட்டது.